உறவினர் அல்லாத முப்பது பேர்

“அப்போ முப்பது பேருமே உனக்குச் சொந்தம்.”

“ஒருத்தர்கூட சொந்தமில்ல சார்.”

“பத்தொம்பது பேர அண்ணேன்னு கூப்பிட்டிருக்க. ஏழு பேரு அக்கா. மிச்ச நாலு பேரு மாமா, அத்தை. ரெக்கார்டிங் பூராவும் நானே ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.”

“பின்ன பத்துமலை அண்ணன நான் எப்பிடி சார் கூப்பிடுறது?”

“பாத்தியா? இப்பவும் அண்ணன்தான்.”

காசிவிஸ்வநாதன் பேனாவைத் திறந்து அதையும் குறித்துக்கொண்டார்.

துளசி நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கு முன்னால் நாற்காலி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது முன்கூட்டியே நேரம் கேட்டு வருகிறவர்களுக்கு. துளசி வரவழைக்கப்பட்டவள். மேசைமேல் இரண்டு பெயர்ப்பலகைகள். ஒன்றில் ‘தலைவர், கணிதத் துறை’, இன்னொன்றில் ‘தலைவர், நேர்மைப் பிரிவு’. இரண்டிலும் பெயர் ஒன்றுதான். பாடத்தைப் பற்றிப் பேசும்போது முதல் பலகையை முன்னால் நகர்த்துவார். குற்றத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டாவதை. இன்றைக்குத் துளசி உள்ளே நுழையும்போதே இரண்டாவது முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

இது மலேசியாவின் ஈப்போவில், ஒரு கடைவரிசையின் மேல் மூன்று மாடிகளில் இருக்கும் கல்லூரி. கீழே டயர் கடை. தேர்வு நடக்கும்போது கீழே நட்டு கழற்றும் சத்தம் ட்ர்ர்ரென்று மேலேறி வரும். கல்லூரியின் கொள்கைக் கையேட்டில் அதற்கும் ஒரு பிரிவு உண்டு. அந்தச் சத்தத்தைச் சத்தமாகக் கருதக் கூடாது.

துளசி மருத்துவ ஆய்வுக்கூட டிப்ளோமா மாணவி. இரத்தம், சிறுநீர், கண்ணாடித் தகடு என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவளுக்கு நடுவில் ‘புள்ளியியல் அறிமுகம்’ என்றொரு கட்டாயப் பாடம் வந்தது. பாடப்புத்தகம் ஒல்லி. கொள்கைக் கையேடுதான் கல்யாண ஆல்பம் கனத்துக்கு இருந்தது. முதல் இரண்டு வாரமும் கையேடுதான் பாடம். நோய்வாய்ப்பட இருப்பவர்கள் இரண்டு நாளைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். தாமதமாக வருகிறவர் பாதி வராதவர், இரண்டு முறை தாமதமாக வந்தால் ஒரு முழு ஆள் வரவில்லை. எண்களை எப்படி முழுமையாக்குவது என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள், வருகைப் பதிவில் மட்டும் முழுமையாக்க மாட்டார்கள். கையேட்டின் மேல் ஒரு தேர்வு வைத்து, நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் சராசரி என்றால் என்னவென்று சொல்லித் தரலாம் என்பது விதி. துளசியின் கூட்டாளி தனேஸ்வரன் அதில் இரண்டு முறை தோற்றான். அவனுக்கு ஐந்தாவது வாரம்வரை சராசரி தெரியாது. தெரிந்திருந்தாலும் அதிகாரபூர்வமாகத் தெரியாது.

துளசியின் அப்பா சதாசிவம் கையேட்டை ஒரு நாள் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்கப்பா தோட்டத்துல வேலை செஞ்சப்ப, காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு லேட்டா போனா அரை நாள் சம்பளந்தான் புடிப்பாங்க. வெள்ளைக்காரனுக்கே இவ்வளவு தோணலலா.”

ஆனாலும் அவள் தேறியாக வேண்டும். தைப்பிங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பயிற்சி இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியிலிருந்து எல்லாப் பாடத்தின் மதிப்பெண்ணும் போய்ச் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் இடம் இன்னொருவருக்கு. அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம். வீடு இருக்கும் சிலிபினில் அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்தாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தன் சர்க்கரையை இனி துளசியே பார்த்துக்கொள்ளட்டும் என்று வழக்கமான சோதனையைக்கூடத் தள்ளிப் போட்டிருந்தார்.

மற்ற பாடமெல்லாம் முடிந்துவிட்டது. புள்ளியியலும் முடிந்த மாதிரிதான். கடைசி வேலை ஒரு கள ஆய்வு: முப்பது பேரிடம் ‘வீட்டிலிருந்து வேலைக்குப் போக எத்தனை நிமிஷம்’ என்று கேட்டு, பேச்சைப் பதிவு செய்து, சராசரி போட்டுத் தர வேண்டும். துளசி ஊருக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனாள். ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்து, தொழிலாளர் லயங்கள் போய் வரிசை வீடுகள் வந்து, எல்லாரும் இப்போது தொழிற்சாலைக்கும் லாரிக்கும் போகிற இடம். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. தெரியாது என்பதற்காகவே போனாள். விரிவுரையாளர் லக்ஷ்மிப்ரியா அறிக்கையைப் படித்துவிட்டு பி பிளஸ் போட்டார். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் போனதற்குக் காரணம் பிரிவு ஒன்பது புள்ளி நான்கு.

முன்பு ஒரு மாணவன் இதே ஆய்வுக்காகத் தன் அம்மாவிடமே முப்பது முறை கேட்டு எழுதிவிட்டான். சராசரி மிக நன்றாக வந்ததால்தான் பிடிபட்டான். அதற்குப் பிறகு காசிவிஸ்வநாதன் உட்கார்ந்து எழுதிய விதி இது: ஆய்வில் உறவினர் இருக்கக் கூடாது. பதிவில் உறவுமுறை சொல்லி அழைக்கப்படும் எவரும், இக்கொள்கையின் நோக்கத்திற்காக, உறவினராகவே கருதப்படுவார். விதிவிலக்கு இல்லை.

“சார், நீங்களும் தமிழ்தானே சார்,” என்றாள் துளசி. “ரோட்டுல போறவங்கள நம்ம அப்பிடித்தானே கூப்பிடுவோம்?”

“தனிப்பட்ட முறையில எனக்குத் தெரியும்.” காசிவிஸ்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா பாலிசிக்குத் தெரியாது. நான் பாலிசி பக்கம் உட்காந்திருக்கேன். புள்ளியியலுக்கு அடிப்படையே என்ன? ஒருத்தர் பதில் இன்னொருத்தர் பதில சார்ந்து இருக்கக் கூடாது. பத்தொம்பது பேரு ஒரே வீட்டு அண்ணன்மாருன்னா பதில் எப்பிடி சார்பில்லாம இருக்கும்? அத்தன பேரையும் பெத்த உங்கம்மாவ நெனச்சாலே எனக்குக் கவலையா இருக்கு. பதினேழு வருஷமா நான் இந்தக் காலேஜுல இருக்கேன். யாரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்ல. மனுஷனுக்கு மனுஷன் ஒரு தூரம் இருந்தாத்தான் அளக்க முடியும்.”

பிறகு ஒரு வழியும் சொன்னார். முப்பது பேரிடமும் ‘நான் இம்மாணவியின் உறவினர் அல்ல’ என்று எழுதி ஒப்பமிட்ட ஒரு பாரம், அதாவது படிவம், வாங்கி வர வேண்டும். ஒவ்வொரு பாரத்திலும் எந்த உறவு இல்லை என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.

மறுநாள் தனேஸ்வரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து துளசி தோட்டத்துக்குப் போனாள். முதலில் அகப்பட்டவர் பத்துமலை. லாரி ஓட்டுகிறவர். வேலைக்குப் போக எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு முதலில் “ஒரு சிகரெட்டு” என்று சொல்லி, பிறகு துளசிக்காக அதை நிமிஷமாக மாற்றித் தந்த நல்ல மனுஷன்.

“இதுல என்னா போட்டுருக்கு? எனக்குக் கண்ணாடி உள்ள இருக்கு.”

“இந்தப் பொண்ணு எனக்குத் தங்கச்சி இல்ல, நான் இதுக்கு அண்ணன் இல்லன்னு போட்டுருக்குண்ணே.”

பத்துமலை கையிலிருந்த கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். “நான் உனக்கு என்னா தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் இல்லண்ணே. காலேஜுல கேக்குறாங்க.”

“நீ கேட்ட, நான் பதில் சொன்னேன். இருவது நிமிஷம்னேன், மழை பெஞ்சா கூடும்னேன். சரியாத்தானே சொன்னேன்? அதுக்குப் போயி அண்ணனே இல்லன்னு எழுதி வாங்க வந்துட்டியே.” உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்: “மாரியம்மா, இந்தப் புள்ளைக்குத் தண்ணி கலக்கு. வீட்டுல ஏதோ பிரச்சனபோல.”

தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது, கையெழுத்து வரவில்லை.

அடுத்த வீட்டு அப்பாவு மட்டும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். துளசிக்கு உயிர் வந்தது. அவரோ பேனாவைத் திருப்பித் தராமல் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ‘இருந்தாலும் உனக்கு ஒன்று என்றால் இந்த மாமா இருக்கிறேன்.’ பாரம் செல்லாமல் போயிற்று.

முச்சந்தியில் பலகாரக் கடை வைத்திருக்கும் மங்களத்திடம் போனதுதான் பெரிய விபத்து. மங்களம் பாரத்தைத் தொடவே இல்லை. கரண்டியை எண்ணெயிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்: “சொந்தமில்லன்னு எப்பிடிச் சொல்ற? விசாரிச்சியா? உங்கப்பா எந்தப் பக்கம்?”

“பாரிட் புந்தார் பக்கம்க்கா.”

“பாரிட் புந்தார்ல யாரு வீடு?”

துளசி சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். தாத்தா பெயரைச் சொன்னாள், தாத்தாவின் அண்ணன் பெயரைச் சொன்னாள். தனேஸ்வரன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததையும் மீறிச் சொன்னாள்.

“அட, பிச்சைமுத்து பேத்தியாடி நீ? உங்க தாத்தாவோட கொழுந்தியாளத்தான் எங்க சித்தப்பாவுக்குக் கட்டுனது. அப்போ நான் உனக்கு அக்கா இல்லடி, அத்தைமுறை.” மங்களம் சும்மா இருக்கவில்லை. தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வடை வாங்க வந்தவர்கள், வராதவர்கள் எல்லாரும் கூடி ஆராய்ந்ததில், சாயங்காலத்துக்குள் செல்லுபடியான கையெழுத்து ஒன்றுகூட இல்லை, புதிதாக ஆறு உண்மையான சொந்தக்காரர்கள் கிடைத்திருந்தார்கள். அதில் ஒருவர் வீட்டில் அடுத்த மாதம் காதுகுத்து. துளசி கண்டிப்பாக வர வேண்டுமாம்.

“நேத்து வரைக்கும் நீ குற்றவாளி இல்ல,” என்றான் தனேஸ்வரன், மோட்டாரைக் கிளப்பிக்கொண்டே. “இன்னிக்கு நெசமாவே குற்றவாளி ஆயிட்டலா.”

லக்ஷ்மிப்ரியாவிடம் போய்ச் சொன்னபோது அவர் முதலில் சிரிப்பை அடக்கினார், பிறகு கதவைச் சாத்தினார். அவருடையது செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பம், காசிவிஸ்வநாதனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று கல்லூரியில் பேச்சு உண்டு. அது உண்மையா என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் அதற்கும் பாரம் இருக்குமோ என்ற பயம். “இன்னொரு வழி இருக்கு துளசி. வேற முப்பது பேர்கிட்ட மறுபடி கேளு. கையேட்டுல அங்கீகரிச்ச அழைப்புச் சொல் ஒண்ணு இருக்கு. அத மட்டும் சொல்லு.”

அந்தச் சொல் ‘மதிப்பிற்குரிய பதிலளிப்பாளரே’.

புதன்கிழமை துளசி மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு, கழுத்தில் கல்லூரி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதே தோட்டத்தின் மறுகோடி வீடுகளுக்குப் போனாள். முதல் வீட்டு வாசலில் ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணே என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

“மதிப்பிற்குரிய பதிலளிப்பாளரே, வணக்கம்.”

அவர் ஒரு செருப்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இரண்டாவது வீட்டில் ஓர் அம்மாள் கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து, “இன்சூரன்ஸா?” என்றாள். இல்லை என்றதும், “அப்போ தீப்பு கேஸு,” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். ஏமாற்றுக்காரி என்று இவ்வளவு அமைதியாகத் துளசியை யாரும் சொன்னதில்லை. மூன்றாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிடவில்லை, அவிழ்க்கப் போவது மாதிரி சங்கிலியைத் தொட்டார்கள். பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் பன்னிரண்டாவது வீடு தானாகவே சாத்திக்கொண்டது. மொத்தம் முப்பது வாசல். இரண்டே பேர் பதில் சொன்னார்கள். அதில் ஒருவர், இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுவதால் ஏதோ அரசாங்க உதவித்தொகை என்று நினைத்து, வேலைக்குப் போகும் நேரத்தைத் தாராளமாகக் கூட்டிச் சொன்னார்.

தெருமுனையில் தனேஸ்வரன் கைப்பேசியை நீட்டினான். புதிதாகக் கிடைத்த சொந்தக்காரர்கள் அவனையும் சேர்த்துவிட்டிருந்த தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அவள் படம் வந்திருந்தது. கீழே எச்சரிக்கை: ‘மஞ்சள் சுடிதார் போட்ட பெண். ரொம்ப மரியாதையாகப் பேசும். நம்ப வேண்டாம்.’ அதற்கும் கீழே பத்துமலை பதில் போட்டிருந்தார்: ‘அது நம்ம தங்கச்சிதான். கொஞ்ச நாளா மனசு சரியில்ல.’

துளசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மோட்டாரில் பாதி தூரம் போனதும் தனேஸ்வரனின் முதுகைத் தட்டினாள்.

“மச்சான், இது டேட்டாலா.”

“எது?”

“அண்ணேன்னு கூப்பிட்டா முப்பதுக்கு முப்பது. மதிப்பிற்குரியன்னு கூப்பிட்டா முப்பதுக்கு ரெண்டு. இதத்தானே ஒரு செமஸ்டரா சொல்லிக் கொடுத்தாங்க?”

“எனக்கு அஞ்சாவது வாரத்துலேருந்துதான் சொல்லிக் கொடுத்தாங்க,” என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. இந்த முறை நேரம் கேட்டுத்தான் போனாள், ஆகவே நாற்காலி கிடைத்தது. நேர்மைப் பிரிவுப் பலகை முன்னால். ஓரத்தில் லக்ஷ்மிப்ரியா, நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவராக. பேசுவது ஒரு சொல் விடாமல் எழுதப்பட வேண்டும் என்பது பிரிவு பதினொன்று.

துளசி தன் இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினாள். முதலில் குரல் நன்றாகத்தான் இருந்தது. காசிவிஸ்வநாதன் கேட்டுக்கொண்டே இரண்டு முறை தலையாட்டினார். கணிதத் துறைப் பலகையைக்கூட ஒரு கணம் முன்னால் நகர்த்தி, “வித்தியாசம் தற்செயலா வந்திருக்க வாய்ப்பே இல்ல, அழகான முடிவு,” என்று பாராட்டினார். பிறகு பலகையைப் பழையபடி மாற்றினார்.

“ஆனா இந்த முடிவு பாலிசிக்கு எதிரா இருக்கு. உண்மை இருக்கலாம், தப்பில்ல. உண்மை நம்மகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கிருக்கணும். நான் யாருக்கும் கெட்டவன் இல்ல, துளசி. நான் எழுதின விதிய நானே மதிக்கலன்னா வேற யாரு மதிப்பா? இதுவரைக்கும் வேற யாரும் மதிக்கல, அது வேற விஷயம்.”

கீழே டயர் கடையில் ட்ர்ர்ரென்று நட்டு கழன்றது. யாரும் அதைச் சத்தமாகக் கருதவில்லை.

“சார், அஞ்சு மணிக்குள்ள மார்க்கு போகலன்னா தைப்பிங் எடம் போயிரும் சார்,” என்றாள் துளசி. “எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. எதிர்வீட்டுக்காரரு சர்க்கரையே பாக்காம...” எதிர்வீட்டுக்காரரின் சர்க்கரையில் வந்து அழுகை உடைந்துகொண்டது.

காசிவிஸ்வநாதன் பதறிப்போனார். எழுந்தார், உட்கார்ந்தார். தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

“ஐயோ, அழாதம்மா. மொதல்ல தண்ணி குடிம்மா.”

துளசி குடித்தாள். லக்ஷ்மிப்ரியாவின் பேனா ஓடி நின்றது.

“சார்,” என்றார் லக்ஷ்மிப்ரியா மெதுவாக. “எழுதிட்டேன் சார்.”

“எத?”

“அம்மா. ரெண்டு தடவ.”

காசிவிஸ்வநாதன் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். “அது சும்மா பேச்சுக்கு வந்தது.”

“சும்மா பேச்சுதான்னு போட்டா, முப்பது பேரும் சும்மா பேச்சுதான்னு ஆயிரும் சார். ஆய்வு செல்லும். பாலிசிப்படிதான் போடணும்னா...” லக்ஷ்மிப்ரியா மீதியைச் சொல்லவில்லை. சொல்லாமலே மூன்று பேரும் துளசியைப் பார்த்தார்கள், துளசி உட்பட, சுவரில் இருந்த கண்ணாடியில்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்குப் பத்தொன்பது. அவர் கையேட்டைத் திறந்து ஒன்பது புள்ளி நான்கை முழுதாக வாசித்தார். விதிவிலக்கு இல்லை என்ற இடத்தில் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அது அவர் வாழ்க்கையின் பெரிய தருணம் என்று துளசிக்குத் தோன்றியது. ஒரு சொல் சொன்னால் போதும், பதினேழு வருஷக் கையேடு ஒரு பக்கம் லேசாகிவிடும்.

“இல்ல,” என்றார் நிமிர்ந்து. “மாணவிக்காக நான் பாலிசிய வளைக்க மாட்டேன். எங்கம்மாவுக்காகவும் வளைக்க மாட்டேன். எழுதிக்குங்க. எதிரே இருக்கறவங்க, கொள்கையின் நோக்கத்திற்காக, என் தாயார். தாயாரோட வழக்க மகன் விசாரிக்கக் கூடாது. நான் விலகிக்கிறேன். கோப்ப துணைத்தலைவருக்கு அனுப்புங்க.”

“துணைத்தலைவர் பதவிக்கு இன்னும் ஆளே போடலியே சார்.”

“எப்பலேருந்து?”

“அந்தப் பதவிய நீங்க உண்டாக்கினதிலேருந்து.” லக்ஷ்மிப்ரியா பக்கத்தைப் புரட்டினார். குரல் இன்னும் மெதுவாயிற்று. “விசாரிக்க ஆளில்லாத வழக்கு, தொடங்கப்படாத வழக்காகக் கருதப்படும். பிரிவு பதினாலு. தணிக்கைக்கு வரவங்க கண்ணுல நிலுவை வழக்கு ஒண்ணும் படக் கூடாதுன்னு நீங்கதான் சார் எழுதுனீங்க.”

காசிவிஸ்வநாதன் அந்தப் பக்கத்தையும் வாங்கிப் படித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கேன்,” என்றார். இரண்டு பலகைகளையும் எடுத்து இழுப்பறையில் வைத்துவிட்டு, யாராகவும் இல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

நான்கரை மணிக்கு பி பிளஸ் தைப்பிங் போய்ச் சேர்ந்தது. துளசி படியிறங்கும்போது மேல்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. “சாப்பிட்டியா?” என்றது. அதற்குப் பிறகு வரவேண்டிய சொல்லைக் குரல் மிகச் சிரமப்பட்டு நிறுத்திக்கொண்டது.

துளசி இப்போது தைப்பிங்கில் இருக்கிறாள். அந்த ஓயாத மழை ஊரில், மழைக்கும் மழைக்கும் நடுவில் இரத்தம் பார்க்கிறாள். எதிர்வீட்டுக்காரர் ஒரு முறை பஸ் ஏறி வந்து சர்க்கரை பார்த்துவிட்டுப் போனார். கூடியிருந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது, போன வாரம் வந்த ஒரு கடிதத்தைத் தவிர.

விசாரணைக் குறிப்பின் ஒரு பிரதி விதிப்படி கல்லூரியின் ஊழியர் நலப் பிரிவுக்கும் போயிருக்கிறது. அவர்கள் காசிவிஸ்வநாதனின் குடும்ப விவரத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை ஈப்போவில் ஊழியர் குடும்ப தின விருந்து. ‘துறைத்தலைவரின் தாயார் துளசி அவர்கள்’ முன்வரிசையில் அமர வேண்டும், ஊழியர்களின் பெற்றோருக்கு மாலை மரியாதை உண்டு. அதைப் படித்து முடிப்பதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“ஏத்தா, நான் கண்ணம்மை பேசுறேன். காசி அம்மா. பழைய அம்மா. நீதான் புதுசா?” மறுபக்கம் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. “வீட்டுலயும் இப்படித்தான், சாம்பாருக்கு உப்பு போடவே ரூல் வச்சிருக்கான். விருந்துக்கு அவசியம் வா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்காந்துக்குவம். மாலை போடுறப்ப அவன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

துளசிக்கும் பார்க்க ஆசைதான். அம்மா சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள். பத்துமலை அண்ணன் லாரியிலேயே கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். மங்களம் அத்தை ஒரு தூக்கு நிறைய வடை தருவதாகச் சொல்லியிருக்கிறாள். தனேஸ்வரன் மட்டும் வேண்டாம் என்கிறான். அங்கே ஒலிவாங்கி இருக்குமாம், எல்லாம் பதிவாகுமாம். கண்ணம்மையை ஆச்சி என்று ஒரு தடவை கூப்பிட்டாலே போதும், கோப்பு மறுபடி திறந்துகொள்ளுமாம்.

மதிப்பிற்குரிய பதிலளிப்பாளரே என்று அந்த அம்மாளைக் கூப்பிட முடியுமா? இவ்வளவும் கேட்டுவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள்: துளசி அந்த விருந்துக்குப் போகலாமா, போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரரை என்னவென்று கூப்பிடுவது?